ஒரே சளி, இரு குழந்தைகள்: மூச்சுக்குழலில் நடப்பது என்ன?

மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. நெபுலைசர் முகமூடியோடு அமர்ந்திருக்கும் மகனின் முதுகைத் தடவியபடியே தாய் கேட்பார்: "வெறும் சளியாத்தான் ஆரம்பிச்சது டாக்டர். இவன் தங்கச்சிக்கும் அதே சளிதான். அவ மூணே நாள்ல விளையாடப் போயிட்டா. இவனுக்கு மட்டும் ஏன் இப்படி இழுக்குது?" உடன் வந்த பாட்டி, "தலைக்குக் குளிச்சிட்டுத் துவட்டாம நின்னான், அதான்" என்பார். தந்தையோ, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தது தம் தவறு என்று தலையைக் குனிந்துகொள்வார்.

தாயின் கேள்வி மிகச் சரியான கேள்வி. ஒரே வீடு, ஒரே சளி. ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதோடு முடிகிறது, மற்றொரு குழந்தைக்கு இளைப்பாக மாறுகிறது. இதற்கு விடை தேடி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள். அண்மைக் காலத்தில் அவர்கள் மூச்சுக்குழலின் உட்பரப்பிலுள்ள உயிரணுக்களில் எந்த மரபணு எந்த நாளில் இயங்குகிறது என்பதையே நேரில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை இந்தப் பாடத்தில் எளிமையாக விளக்க முயல்கிறோம். அந்த விளக்கம், உங்கள் வீட்டில் அடுத்த சளி வரும்போது நீங்கள் எடுக்கும் முடிவுகளோடு நேரடித் தொடர்புடையது.

சளியைக் கொண்டுவருவது எது?

முதலில் தந்தையின் மனச்சுமையை இறக்கி வைப்போம். சளியை உண்டாக்குவது வைரஸ். பெரும்பாலும் அது ரைனோவைரஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. இருமல், தும்மல், மூக்கைத் துடைத்த கை, அந்தக் கை தொட்ட கதவுப்பிடி ஆகிய வழிகளில் அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுகிறது. ஐஸ்கிரீமும் ஈரத்தலையும் வைரஸை உண்டாக்குவதில்லை. ரைனோவைரஸில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிர்ப்பு வளர்ந்தாலும் மற்றொன்று வந்துவிடும். ஆகவேதான் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் பல முறை சளி பிடிக்கிறது. இதற்கெனத் தடுப்பூசியும் இதுவரை இல்லை.

சளிக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பை உறுதியாக நிறுவிய ஆய்வுகளுள் ஒன்று 1995ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியானது. ஒன்பது முதல் பதினோரு வயது வரையிலான 108 குழந்தைகளை ஆய்வாளர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆஸ்துமா மோசமடைந்த வேளைகளில் ஏறத்தாழ 80 முதல் 85 விழுக்காடு வரை ஏதேனும் ஒரு சுவாச வைரஸ் காணப்பட்டது. அவற்றுள் ரைனோவைரஸே மிகுதி.

ஆனால் வைரஸ் இருந்தது என்பது பாதி விடைதான். அதே வைரஸ் தங்கையின் மூக்கிலும் இருந்ததே! மீதிப் பாதி விடை குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் இருக்கிறது.

மரபணு இருப்பது வேறு, இயங்குவது வேறு

நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. கண்ணில் உள்ள உயிரணுவிலும் நுரையீரலில் உள்ள உயிரணுவிலும் அதே தொகுப்புதான். ஆனால் எல்லா மரபணுக்களும் எப்போதும் இயங்குவதில்லை.

ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். தலைமைச் சமையற்காரரிடம் நூற்றுக்கணக்கான பலகாரங்களின் செய்முறை எழுதிய தடித்த ஏடு ஒன்று இருக்கிறது. ஏட்டை அவர் வெளியே கொடுப்பதில்லை. அன்றைக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் நகலெடுத்து அடுப்படிக்கு அனுப்புகிறார். சீட்டு வந்த பண்டம் சமைக்கப்படும். வராத பண்டம் ஏட்டில் மட்டும் இருக்கும். அடுப்படியில் கிடக்கும் சீட்டுகளைத் திரட்டிப் படித்தால், ஏட்டைத் திறக்காமலேயே அன்றைய விருந்து என்னவென்று சொல்லிவிடலாம்.

உயிரணுவிலும் இதுவே நடக்கிறது. ஏடு என்பது டி.என்.ஏ.; நகல் சீட்டு என்பது ஆர்.என்.ஏ.; சமைக்கப்படும் பண்டம் புரதம். ஒரு மரபணுவின் சீட்டுகள் மிகுந்திருந்தால் அது மும்முரமாக இயங்குகிறது என்று பொருள். ஆய்வாளர்கள் அளப்பது இந்தச் சீட்டுகளைத்தான்.

இந்த வேறுபாட்டை நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மரபணு என்ற சொல்லைக் கேட்டதும், இந்த இளைப்பு அப்பா வழியில் வந்ததா, அம்மா வழியில் வந்ததா என்ற பேச்சு பல குடும்பங்களில் எழுகிறது. பிறப்பில் வரும் வேறுபாடுகளுக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. எடுத்துக்காட்டாக, ரைனோவைரஸ் சி என்னும் பிரிவு மூச்சுக்குழல் உயிரணுவுக்குள் நுழைவதற்குப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் சி.டி.எச்.ஆர்.3. அந்த மரபணுவின் ஒரு வடிவம், சிறு வயதிலேயே கடுமையான இளைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடம் அதிகமாக இருப்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2014இல் கண்டறிந்தனர். அந்தப் புரதமே வைரஸின் நுழைவாயில் என்று அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தெரியவந்தது. ஆயினும் இத்தகைய வேறுபாடு ஒன்று மட்டுமே ஒருவரின் நோயைத் தீர்மானிப்பதில்லை. இதில் எவர் மீதும் குற்றமில்லை. பிறவி ஏட்டை எவரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை.

ஏட்டை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் எந்தப் பக்கம் நகலெடுக்கப்படுகிறது என்பதை மாற்ற இயலும். ஆஸ்துமா சிகிச்சையின் அடிப்படையே அதுதான்.

சளியின் முதல் நாட்களில்

2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்தச் சீட்டுகளை நாள்வாரியாகப் படித்தது. அந்நாட்டின் ஒன்பது நகரங்களைச் சேர்ந்த, ஆறு முதல் பதினேழு வயது வரையிலான 208 பேர் அதில் பங்கேற்றனர். எல்லோருக்கும் அடிக்கடி மோசமடையும் ஆஸ்துமா இருந்தது. நலமாக இருக்கும்போது அவர்களின் மூக்கை உப்புநீரால் கழுவி, அந்த நீரில் வந்த உயிரணுக்களைச் சேகரித்தனர். சிறிது இரத்தமும் எடுத்தனர். பின்னர், சளி பிடித்தால் மூன்று நாட்களுக்குள் வரும்படியும், அதற்கடுத்த சில நாட்களில் மீண்டும் வரும்படியும் கேட்டுக்கொண்டனர்.

சிலரின் சளி தானாக அடங்கிவிட்டது. வேறு சிலரின் சளி, ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தேவைப்படும் அளவுக்கு இளைப்பாக முற்றியது. இவ்விரு வகைச் சளிகளின் மரபணு இயக்கத்தையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். நுரையீரலுக்குள் கருவியைச் செலுத்தாமல் மூக்குநீரைப் பயன்படுத்தியதற்குக் காரணம், மூக்கும் மூச்சுக்குழலும் ஒரே பாதையின் இரு பகுதிகள் என்பதே. மேலே நடப்பதைக் கொண்டு கீழே நடப்பதைப் பெருமளவு அறியலாம்.

அவர்கள் கண்டது ஒரு வரிசை. இளைப்பாக முற்றிய சளிகளில், தொடக்கத்திலேயே உட்படல உயிரணுக்களில் ஸ்மாட்3 என்னும் புரதத்தைச் சார்ந்த மரபணுத் தொகுதி ஓங்கியது. காயம் ஆறுதல், திசு மறுசீரமைப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய தொகுதி அது. அதே வேளையில், லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்களின் செயல்பாட்டுக்குரிய தொகுதிகள் தாழ்ந்தன. இவற்றைத் தொடர்ந்து இரண்டாம் கட்டம் வந்தது. கோழையை மிகுதியாகச் சுரக்கச் செய்யும் மரபணுக்கள், குழலின் சுவரைத் தடிக்கச் செய்யும் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள், ஈசினோபில் என்னும் ஒவ்வாமை வெள்ளையணுக்களைத் தூண்டும் மரபணுக்கள் ஆகியவை பின்னர் ஓங்கின. நெஞ்சில் கேட்கும் விசில் ஓசையும், கெட்டியான கோழையும், இறுக்கமும் இந்த இரண்டாம் கட்டத்தோடு பொருந்துகின்றன.

வைரஸ் எதுவும் தென்படாத இளைப்புகளிலும் இதே மையத் தொகுதிகள் இயங்கின என்பது கவனிக்கத்தக்கது. வைரஸ் இருந்தால் அவற்றோடு கூடுதலான அழற்சித் தொகுதிகளும் சேர்ந்துகொண்டன. அப்படியானால் வைரஸ் இல்லாமல் இந்த வரிசையைத் தொடங்கிவைப்பது எது? அதே ஆய்வாளர் குழுவின் தரவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரை ஒன்று, காற்றிலுள்ள நுண்துகள்களுக்கும் ஓசோனுக்கும் வைரஸ் சாராத இளைப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தொடக்கம் வைரஸாகவோ மாசாகவோ இருக்கலாம். அதன்பின் செல்லும் வழியில் பெரும்பகுதி ஒன்றே.

இதிலிருந்து குடும்பத்தார் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மூக்கு ஒழுகும் முதல் நாளுக்கும் மூச்சு இழுக்கும் நாளுக்கும் இடையே சில நாட்கள் இருக்கின்றன. வெளிப்பார்வைக்கு அவை சாதாரணச் சளி நாட்கள். உள்ளே, உட்படலம் ஏற்கெனவே வழி மாறத் தொடங்கியிருக்கலாம்.

எதிர்ப்புச் சக்தி குறைவா?

"அப்படியென்றால் என் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா? டானிக் எழுதித் தருவீர்களா?" என்று பலர் கேட்கிறார்கள்.

வைரஸ் நுழைந்ததும் உயிரணுக்கள் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் பொருளை வெளியிடுகின்றன. அக்கம்பக்கத்து உயிரணுக்கள் அதைப் பெற்று வைரஸைத் தடுக்க ஆயத்தமாகின்றன. ஆஸ்துமா உள்ள பெரியவர்களின் மூச்சுக்குழல் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றில் ரைனோவைரஸைச் செலுத்தி, இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2005இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அந்த உயிரணுக்கள் இன்டர்ஃபெரான் பீட்டாவைக் குறைவாகச் சுரந்தன. வைரஸ் அதிகமாகப் பெருகியது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. எச்சரிக்கை எவ்வளவு எழுகிறது என்பதோடு எப்போது எழுகிறது என்பதும் முக்கியம் என்றே இப்போது கருதப்படுகிறது.

ஆகவே சிக்கல் ஒட்டுமொத்த எதிர்ப்புச் சக்தியின் குறைவு அன்று. ஒரு பக்கம் வைரஸுக்கு எதிரான எச்சரிக்கை பிசகுகிறது. மறுபக்கம் ஒவ்வாமை அழற்சி வேண்டாத அளவுக்குப் பொங்குகிறது. டானிக் எதுவும் இந்தப் பிசகைச் சரிசெய்வதில்லை. ஒவ்வாமை அழற்சியைத் தணித்து வைப்பதே பயன் தரும் வழி.

இதற்குச் சான்றும் உண்டு. ஒமாலிசுமாப் என்பது ஒவ்வாமைக்குக் காரணமான ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருளைப் பற்றி நீக்கும் ஊசி மருந்து. அமெரிக்காவில் கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்ததும் சளியும் இளைப்பும் பெருகுவது வழக்கம். பள்ளி திறப்பதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே இந்த ஊசியைத் தொடங்கிய ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. வெற்று ஊசி பெற்றவர்களில் 21 விழுக்காட்டினருக்கு அந்தப் பருவத்தில் ஆஸ்துமா முற்றியது. மருந்து பெற்றவர்களில் அது 11.3 விழுக்காடாகக் குறைந்தது. ஒவ்வாமையைத் தணித்ததோடு, வைரஸுக்கு எதிரான இன்டர்ஃபெரான் சுரப்பையும் மருந்து மேம்படுத்தியிருந்தது.

தடுப்பு இன்ஹேலர் செய்யும் வேலை

இத்தகைய ஊசிகள் கடுமையான ஆஸ்துமா உள்ள சிலருக்கே தேவைப்படுகின்றன. பெரும்பாலானோருக்கு உதவுவது, நாள்தோறும் எடுக்கும் ஸ்டீராய்டு தடுப்பு இன்ஹேலர். அது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தால், ஏன் அதை நிறுத்தக் கூடாது என்பதும் புரியும்.

உறிஞ்சிய மருந்து மூச்சுக்குழலின் உயிரணுவுக்குள் நுழைகிறது. அங்கே தனக்குரிய ஏற்பியைப் பற்றிக்கொண்டு கருவுக்குள் செல்கிறது. அங்கு அழற்சியை உண்டாக்கும் மரபணுக்களை அடங்கச் செய்கிறது. நம் உவமையில் சொன்னால், அது தலைமைச் சமையற்காரரின் கையைப் பிடித்து, வேண்டாத பக்கங்களை நகலெடுக்காமல் தடுக்கிறது. முன்பே வெளியான சீட்டுகளும் சமைத்த பண்டங்களும் தீர நாளாகும். ஆதலால்தான் இந்த மருந்தின் முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் ஆகின்றன. நிறுத்தினால் உடனே எதுவும் தெரியாது. மெல்ல மெல்ல அழற்சி திரும்பும். அடுத்த சளி அந்த நிலையில் வந்து விழும்.

நீல நிறத்தில் வரும் சால்பியூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர் வேறு வகை. அது இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. உயிர் காக்கும் உதவி அது. ஆனால் உள்ளே எரியும் அழற்சியை அது தொடுவதில்லை. ஆகவேதான் 2019 முதல் பன்னாட்டு ஆஸ்துமா வழிகாட்டுதல், வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் அத்தகைய நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பதை ஏற்பதில்லை.

"சளி வந்த அன்று தடுப்பு மருந்தைப் பல மடங்காக்கினால் போதாதா?" என்பது நியாயமான கேள்விதான். அதையும் சோதித்திருக்கிறார்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தடுப்பு மருந்தை ஏற்கெனவே எடுத்துவந்த ஐந்து முதல் பதினோரு வயதுக் குழந்தைகளுக்கு, அறிகுறி தொடங்கியதும் ஏழு நாட்கள் ஐந்து மடங்கு அளவு தரப்பட்டது. வழக்கமான அளவையே தொடர்ந்த குழந்தைகளைவிட அவர்களுக்கு இளைப்பு முற்றுவது குறையவில்லை. மாறாக, அவர்களின் உயர வளர்ச்சி சற்றுக் குறைந்ததற்கான அறிகுறியும் தென்பட்டது. நலமாக இருந்த நாட்களில் தவறாமல் எடுத்த மருந்துக்கு ஈடாக, சளி வந்த நாளின் மிகை மருந்து அமைவதில்லை. தடுப்பும் நிவாரணமும் ஒரே இன்ஹேலரில் அமைந்த மருந்து சிலருக்கு எழுதப்பட்டிருக்கும். அவர்கள் தங்கள் எழுத்துவழித் திட்டத்தில் உள்ளபடி கூடுதலாக எடுக்கலாம். மற்றவர்கள் தாமாக அளவை மாற்ற வேண்டாம்.

மருந்துகளின் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். ஈசினோபில்களைக் குறைக்கும் மெபோலிசுமாப் ஊசியை, அமெரிக்க நகரங்களைச் சேர்ந்த 290 குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் ஓராண்டு சோதித்த முடிவு 2022இல் வெளியானது. ஆஸ்துமா முற்றும் வேளைகள் 27 விழுக்காடு குறைந்தன; முற்றிலும் நிற்கவில்லை. மூக்குநீரில் மரபணு இயக்கத்தைப் பார்த்தபோது, உட்படலத்தின் அழற்சி வழிகள் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாயிலை அடைத்தாலும் மற்றொன்று திறந்திருக்கிறது. அந்த வாயில்களை அடைக்கும் மருந்துகளைத் தேடவே இத்தகைய ஆய்வுகள் உதவுகின்றன. மூக்குநீரில் செய்யும் இந்த மரபணு அளவீடு ஆய்வுக்கானது. உங்கள் குழந்தையின் சிகிச்சைக்கு அது இப்போது தேவையில்லை; அதற்காக வெளியே பணம் செலவிட வேண்டாம்.

அடுத்த சளி வரும்போது

மேலே கண்டவற்றை வீட்டு நடைமுறையாகத் தொகுத்துத் தருகிறோம்.

1. தடுப்பு இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். "சளியோடு இன்ஹேலர் எடுத்தால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும்" என்பது தவறான எண்ணம். இன்ஹேலர் பழகி அடிமையாக்கும் என்பதும் அப்படியே. எடுத்தபின் வாயைக் கொப்புளிக்கச் செய்யுங்கள்.

2. முதல் தும்மலின்போதே மருத்துவர் எழுதித் தந்த செயல்திட்டத்தை எடுத்துப் படியுங்கள். அது உங்களிடம் இல்லையென்றால், அடுத்த வருகையில் கேட்டுப் பெறுங்கள்.

3. இரவு இருமல், படியேறும்போது இளைப்பு, நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்ட முறைகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். அந்தத் தாள் எங்களுக்குப் பெரிதும் உதவும்.

4. இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுங்கள். நேராக வாயில் அடித்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும்.

5. சளி வைரஸுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. முன்பு மீந்த ஆன்டிபயாடிக் மருந்தையோ ஸ்டீராய்டு மாத்திரையையோ தாமாகக் கொடுக்காதீர்கள்.

6. தலைக்குக் குளித்தபின் சாம்பிராணி காட்டும் வழக்கத்தை இக்குழந்தைகளுக்கு விட்டுவிடுங்கள். கொசுவத்திச் சுருள், பீடி, சிகரெட் புகையும் மூச்சுக்குழலை உறுத்தும். கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்கும்போது குழந்தைகளுக்குத் தீப்புண் ஏற்படும் ஆபத்து உண்டு; அதையும் தவிருங்கள்.

7. வீட்டில் எவருக்குச் சளி இருந்தாலும் எல்லோரும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். ஆண்டுதோறும் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச இயலாமை. மூச்சிழுக்கும்போது விலா இடுக்கும் கழுத்துக்குழியும் உள்ளே குழிதல். உதடு நீலம் பாய்தல். சோர்ந்து கண் செருகுதல். நிவாரண இன்ஹேலர் கொடுத்தும் தணியாமை, அல்லது தணிந்த சிறிது நேரத்திலேயே மீண்டும் இழுத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். வழியிலும் செயல்திட்டத்தில் உள்ளபடி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுத்தபடியே வாருங்கள். விசில் ஓசை திடீரென நின்றும் குழந்தை சோர்ந்தே இருந்தால், அது குணமான அறிகுறி அன்று; காற்றே உள்ளே செல்லவில்லை என்று பொருளாகலாம்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். இவனுக்கு மட்டும் ஏன்? அண்ணனுக்கும் தங்கைக்கும் வந்த வைரஸ் ஒன்றுதான். அது போய்ச் சேர்ந்த மூச்சுக்குழல்கள் வேறு. அவனுடைய மூச்சுக்குழலில் சளிக்கு முன்பே அழற்சி கனன்றுகொண்டிருந்தது. மருந்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்தால், நன்றாக இருக்கிறானே என்று இரண்டு மாதங்களுக்கு முன் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திய செய்தி பல முறை தெரியவரும். இதைச் சொல்வது எவரையும் குறைகூற அன்று. நலமாக இருக்கும் குழந்தைக்கு நாள்தோறும் மருந்து கொடுப்பது எளிதான செயல் இல்லை என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் அந்த நலமே அந்த மருந்தின் விளைவாக இருக்கலாம். நிறுத்தலாமா, குறைக்கலாமா என்ற எண்ணம் எழும்போது, முடிவெடுக்கும் முன் எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள். சேர்ந்து பேசிக் குறைப்போம்.